இருபது மூட்டைப் பாசம்

பதினொன்றாவது மூட்டையை வைத்ததும் கட்டிலின் கால் முறிந்தது.

கண்ணாடிக்காரர் முறிந்த காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேக்குன்னு சொல்லித்தானே உங்கப்பா குடுத்தாரு?"

"தேக்குதான். மனுஷங்க படுக்கறதுக்காகச் செஞ்சது. லட்சம் காசை மூட்டை கட்டி அடுக்குவீங்கன்னு எங்கப்பாவுக்கு ஜோசியமா தெரியும்?" என்றாள் மனைவி.

லட்சம் காசு என்றால் லட்சமும் ஒத்தை ரூபாய்க் காசு. மூட்டைக்கு ஐயாயிரமாக இருபது மூட்டை. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளையின் கனம் கனத்தது.

இத்தனைக்கும் அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. பாங்கில் இருந்தது. ஒரு செக் எழுதிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்கும் அண்ணனுக்கும் பத்து வருஷமாக நடந்த வீட்டு வழக்கில் போன மாதம் தீர்ப்பு வந்தது. வீடு தம்பிக்கு. அண்ணன் பங்குக்கு ஒரு லட்சம் இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தந்துவிட வேண்டும். தராவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

ஆனால் கோர்ட் வாசலில் அண்ணன் சும்மா போகவில்லை. பத்துப் பேர் காதில் விழும்படி, "இந்தச் சில்லறைப் பய லட்சத்துக்கு எங்க போவான்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. "சில்லறைப் பயலா நானு? சில்லறையாவே கொண்டு போய்க் கொட்டறேன். குனிஞ்சு உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணட்டும். முதுகு ஒடியட்டும்."

"எதிரிக்குச் சகுனத்தடைன்னு மூக்கை அறுத்துக்கிட்டானாம் ஒருத்தன். அது எங்க வீட்டுக்கே வந்து குடியேறும்னு நான் நெனைக்கல," என்றாள் மனைவி. "என்னவோ பண்ணுங்க. பின்கட்டு சாவியை மட்டும் விட்டுடாதீங்க."

அந்தச் சாவி அவர் இடுப்புக் கயிற்றிலேயே தொங்கியது. வீட்டின் பின்கட்டு அறை யாருக்கு என்பது மட்டும் தனி வழக்காக இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. தையல் படித்துவிட்டு வந்திருந்த மகள், அங்கே இரண்டு மிஷின் போடலாம் என்று சுவரெல்லாம் அளந்து வைத்திருந்தாள். சாவி நம்மிடம் இருக்கும்வரை அறை நம்முடையது என்று வக்கீலும் சொல்லியிருந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சில்லறைத் தரகர் இருந்தார். நோட்டைக் கொடுத்தால் காசு தருவார். நூற்றுக்கு ஐந்து கமிஷன்.

"லட்சத்துக்கு ஒத்தைக் காசா? எதுக்கு சார்?" என்று வாயைப் பிளந்தார்.

கண்ணாடிக்காரர் விட்டாரா? கோர்ட் வாசல் முதல் அண்ணன் பெயர் வரை ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னார். தரகர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பலே ஆளு சார் நீங்க! நாளைக்கு வாங்க."

நாளைக்குப் போனால் சிரிப்பு இல்லை. "நூத்துக்குப் பத்துதான் சார் கட்டும். காசு குடுக்கிற முதலாளி ஏத்திட்டாரு. சாக்குக்குத் தனியா முன்பணம். காலிச் சாக்கைத் திருப்பித் தந்தா அது திரும்ப வரும்."

"பத்தாயிரம் கமிஷனா? அநியாயமா இருக்கே!"

"அப்ப செக்கே குடுத்துடுங்க."

செக்கா? உயிர் போனாலும் முடியாது. கமிஷனுக்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவள் அதைக் கழற்றி, அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மூட்டைகள் வந்து இறங்கின. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, காசு பினாயில் நாத்தம் நாறுது?"

"சுத்தமான பணம்டி."

"எண்ணியாவது பாத்தீங்களா?"

"முடிச்சை அவுத்தா நான் பொறுப்பில்லன்னு தரகர் சொல்லிட்டாரு. எண்ண வேண்டியது நானில்ல. அவன்!"

கட்டில் போனதும் மூட்டைகளை வீட்டு முன்பக்கத்தில் இருந்த தன் கண்ணாடிக் கடைக்கு மாற்றினார். அங்கே ஒரு மூட்டை சரிந்து, சலூன்காரர் முன்பணம் கொடுத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில் முட்டியது. நட்ட நடுவே விரிசல். அவர் அதன் முன்னால் போய் நின்றார்.

"ஒருத்தரையே சமாளிக்க முடியல," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "இப்ப ரெண்டாத் தெரியறீங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரக்கு வண்டி பிடித்தார். பாதி வழியில் டயர் வெடித்தது. வண்டிக்காரர் மூட்டையையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புது டயருக்குக் காசு வாங்காமல் நகர விடவில்லை. நேரம் ஓடியது. கடைசியில் இரண்டு தள்ளுவண்டிகள் பிடித்து, அவரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. கமிஷன், வட்டி, கட்டில், கண்ணாடி, டயர், தள்ளுகூலி என்று மனசு தானாகக் கூட்டியது. போகட்டும், அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்த்தால் போதும், எல்லாம் வசூலாகிவிடும் என்று தேற்றிக்கொண்டார்.

பத்து வருஷத்தில் அண்ணன் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. அண்ணன் பஸ் ஸ்டாண்டில் ஏதோ குத்தகை எடுத்திருப்பதாகக் கேள்வி. என்ன ஏது என்று விசாரிக்கிற அளவுக்கு இறங்க அவருக்கு மனமில்லை.

அண்ணன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முடி கொட்டி, முழங்கால் வீங்கி, அச்சு அசல் அப்பா மாதிரி ஆகியிருந்தார். அது கொஞ்சம் இடறியது. இருந்தாலும் கண்ணாடிக்காரர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விடவில்லை.

"சில்லறைப் பய சில்லறையாவே கொண்டாந்திருக்கேன்! லட்சம். எண்ணி எடுத்துக்கோ!"

அண்ணன் வாசலில் நின்ற மூட்டைகளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கோபம் வரவில்லை.

"எதுக்குடா எண்ணணும்?" என்றார் மெதுவாக. "நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு ரசீதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கண்ணாடிக்காரர் ரசீதை வாங்கிக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்தவனுக்குச் சண்டை கிடைக்காவிட்டால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து அண்ணி டீ கொண்டு வந்தாள். "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றாள்.

அவ்வளவுதான், உடைந்துவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உள்ளூர்க் கடைக்காரன்கூட நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறான். இந்த மனுஷன் லட்சத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டாரே! இவரையா முதுகு ஒடிய எண்ண வைக்க நினைத்தோம்?

"அண்ணே... நான் ஒரு மடையன்ணே," என்று தேம்பினார்.

"விடுடா, விடு," என்று அண்ணன் அவர் தலையில் கை வைத்தார்.

கண்ணாடிக்காரரின் கை தானாக இடுப்புக்குப் போனது. "இந்தாண்ணே, பின்கட்டு சாவி. அந்த வழக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயே வெச்சுக்கோ."

"உன் இஷ்டம்டா," என்றார் அண்ணன். சாவி அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

வாசலுக்கு வந்தபோது கண்ணாடிக்காரருக்கு உடம்பே லேசாக இருந்தது. பத்து வருஷத்துப் பாரம். மகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. மிஷினைக் கடையிலேயே ஒரு ஓரமாகப் போட்டுக்கொள்ளட்டும், பெரியப்பா மனசைப் பற்றிச் சொன்னால் அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சாக்கு ஞாபகம் வந்தது. தரகரிடம் முன்பணம் இருக்கிறதே! அண்ணனின் வேலையாள் பக்கத்துக் கொட்டகையில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே இதே மாதிரி மூட்டைகள் இன்னும் நிறைய இருந்தன. பினாயில் வாசனை ஆளைத் தூக்கியது.

"தம்பி, காசைக் கொட்டிட்டு அந்தக் காலிச் சாக்கை மட்டும் குடுத்துடுங்க. தரகர்கிட்ட திருப்பித் தரணும்."

வேலையாள் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு விவரமும் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எங்க சாக்குதானே சார்! பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வசூலை எண்ணி முடிச்சுப் போட்டதே நான்தான். போட்ட முடிச்சு போட்டபடி திரும்பி வந்தா முதலாளி எதுக்கு எண்ணுவாரு? வாங்கறது தன் தம்பின்னு தெரிஞ்சதும் கமிஷனைப் பத்தாக்கினதே அவருதானே!"