மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பாத்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம்மிடம் காய் வாங்குகிற உங்கள் குடியிருப்புக்காரர்களை வேனில் ஏற்றித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தது தவறு. வந்ததும், "எங்க வேணா போய்ப் பாருங்க, எங்க மாமாகிட்ட ஒளிவுமறைவே கிடையாது" என்று அவர்களை அவிழ்த்து விட்டீர்களே, அது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் வேனுக்குப் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்ததால் நடந்ததை முழுவதும் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

முன்பக்கம் எல்லாம் நன்றாகத்தான் போனது. முட்டைக்கோஸில் ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை என்று ஆளாளுக்கு வியந்தார்கள். அவர்களில் அந்த பஸ் டிரைவர் ஒரு கோஸைப் பிறந்த குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதற்குள் உங்கள் குடியிருப்பு நர்சம்மா மோட்டார் அறைக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே இருக்கிற சின்னப் பாத்தியும், அதில் சல்லடை மாதிரி இலைகளோடு நிற்கிற கோஸும் உங்களுக்குத் தெரியும்.

"ஏங்கய்யா, இதை மட்டும் ஏன் இப்படி விட்டுட்டீங்க? பூச்சி தின்னுருக்கே" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை, விருந்தாளிகளைக் கண்ட சந்தோஷத்தில், "அது எங்க வீட்டுக்குங்க. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல" என்றாள்.

"அப்ப முன்னாடி இருக்கிறது?"

"அது உங்களுக்கு."

டிரைவர் கையில் இருந்த கோஸைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மெதுவாகத் தரையில் வைத்தார். நான் மோட்டார் அறைக்குள் போய் மோட்டாரைப் பழுது பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை அதே திருகைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றேன். உங்களிடம் போய் வாருங்கள் என்று சொல்லக்கூட வெளியே வராததற்குக் காரணம் அதுதான், கோபம் இல்லை.

இப்போது என் நியாயத்தைக் கேளுங்கள். போன மாதம் ஒரே ஒரு புழு இருந்ததற்காகக் கூடை முழுவதையும் திருப்பி அனுப்பியது யார்? அதே நர்சம்மாதான். "மாமா, பாக்க நல்லா இருந்தாத்தான் எடுப்பாங்க" என்று போனில் சொன்னது யார்? நீங்கள்தான். மொத்தக் கடைக்காரனும் ஓட்டை விழுந்த கோஸை மாட்டுக்குப் போடச் சொல்கிறான். அரசாங்கம் மருந்துக்கு மானியம் தருகிறது, புழுவுக்குத் தருமா? மருந்தில்லா விவசாயம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள்கூட மருந்துக் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பந்தலின் கீழே உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். மருந்து டப்பாவில் போட்டிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் படிக்கவே கற்றேன். அதில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை, அடித்த பிறகு சொன்ன நாள் கழியாமல் அறுத்ததும் இல்லை. ஆகவே முன்பக்கத்துக் கோஸைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. வீட்டுப் பாத்திக்கு அடிக்காதது வெறும் சோம்பலால்.

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்கிறாள் உங்கள் அத்தை. "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றும் கேட்கிறாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னிடம் இனி வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்களாம். நிறுத்தினால் மறுபடி மொத்தக் கடை வாசலில் நிற்பேன், பழகியதுதான். என்னை நம்பச் சொல்லி வீடு வீடாகப் போனவர் நீங்கள். படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள் என் மகளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவார்களே, அதை நினைத்தால்தான் தலை நிமிர மாட்டேன் என்கிறது.

எனவே கூட்டத்தில் நீங்கள் எனக்காக மன்னிப்புக் கேட்கக் கூடாது. மருந்தால் கெடுதல் இல்லை என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். புழுவுக்காகக் கூடையைத் திருப்பியதை நர்சம்மா தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரைவர் அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும். என் மகள் அப்பா பக்கம் பேச வேண்டும். உங்கள் அத்தை, யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

நீங்களும் மகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இத்துடன் அனுப்பியிருக்கும் பையை உங்கள் அத்தை கட்டினாள். அவசரத்தில் முன்பக்கத்துக் கோஸும் அதில் கலந்துவிட்டதாம். வழுவழுவென்று இருப்பதைப் பேத்திக்குக் கொடுத்துவிட வேண்டாம், தூரப் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேலே உள்ள எதையும் சொல்ல வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் சொல்லுங்கள், நானே வந்து படிக்கிறேன்.