தொப்புள் மாஸ்டரும் தும்பிக்கை உடைந்த யானைகளும்

காலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாள். நிமிரவில்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்.

எலும்பில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். உட்கார்ந்தே படித்ததில் இடுப்பைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிட்டன. வலி தணிந்ததும் மெதுவாகப் பயிற்சி செய்யட்டும் என்றார். அரை மணி நேரம் உட்கார முடியாதவள் மூன்று மணி நேரம் எப்படிப் பரீட்சை எழுதுவாள்? வலி சற்றுக் குறைந்ததுமே கல்யாண மண்டபத்து யோகா வகுப்பில் சேர்த்தேன். ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பக்கத்துப் பெண்ணுக்குப் போட்டியாக நெற்றியால் முழங்காலைத் தொட்டாள். ஆட்டோவில் படுத்தபடி வீடு வந்தாள்.

அப்புறம்தான் தொப்புள் மாஸ்டரைத் தேடிப் போனோம்.

விருத்தாசலத்தில் அவர் வாயால் “தொப்புள உள்ள இழுங்க” என்று கேட்காத மனிதர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குபவர், சாமி தூக்குபவர், தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை, எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சொன்னபடி இழுத்ததில்தான் வேட்டி நழுவியது என்று பெண் வீட்டார் இன்னமும் சொல்கிறார்கள்.

பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுவது அவர் வேலை. அதற்கு முன் ஆறு வருஷம் சிங்கப்பூரில் பிலாட்டிஸ் என்கிற உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் கண்ணாடி துடைத்தார். துடைக்கிற சாக்கில் அவர் பாடத்தைப் பார்ப்பதைக் கண்ட பயிற்சியாளர் அம்மா, முறையாகவே சொல்லிக் கொடுத்துவிட்டாராம்.

யோகாவை விட இது உசத்தியா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ரெண்டும் அக்கா தங்கச்சி சார், சண்டை மூட்டி வுடாதீங்க. யோகாவுல ஒரு நெலைக்குப் போயி அங்கயே தங்கணும், மனசும் அடங்கும். இதுல சின்னச் சின்னதா அசைஞ்சிகிட்டே இருக்கணும், நடு ஒடம்பு வலுவாவும். பாப்பா பச்ச மண்ணு. நெழல்ல காயறதுக்குள்ள சூளையில வெச்சா வெடிச்சிரும். யோகா மேல தப்பில்ல, அவசரத்து மேலதான்.”

பொம்மை உலர்த்தும் கொட்டகையில்தான் வகுப்பு. முதல் வாரம் மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டபடி தொப்புளை உள்ளே இழுப்பதோடு சரி. ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகப்பட்டு, துணைக்கு நானும் பக்கத்தில் படுத்தேன். என்னைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“பாப்பாவுக்கு முதுகுல கோளாறு, உங்களுக்கு மூச்சுல. எதுக்கு சார் புடிச்சி வெச்சிருக்கீங்க?”

நான்காம் வாரம் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஐந்தாம் வாரம் ‘நூறு’ ஆரம்பமானது. படுத்தபடி தலையைத் தூக்கி, கைகளை மேலும் கீழுமாக நூறு தடவை அடிக்க வேண்டும். கால் நழுவாமலிருக்க, யாருக்கும் தெரியாமல் யானைப் பொம்மை அடுக்கின் காலில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். அறுபதாவது அடியில் அடுக்கு சாய்ந்து யானை மழை. காயாத யானைகள் தும்பிக்கை போய் எங்களைச் சுற்றிக் கிடந்தன. முதலாளி ஓடி வந்து கத்தினார். மாஸ்டர், “அறுவத்தொண்ணு, யாரும் கழுத்தத் திருப்பாதீங்க” என்று எண்ணிக்கொண்டே போனார். நூறு முடிந்த பிறகு, கத்தும்போது தொப்புளை விடக்கூடாது என்று முதலாளிக்கும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து அத்தனை யானையையும் மறுபடி வார்த்தார். உடைத்தது யார் கால் என்று அவருக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லவே இல்லை.

பரீட்சையன்று பள்ளிக்கூட கேட்டில் மூன்று மணி நேரம் நின்றேன். மணி அடிக்கச் சற்று முன்னால் சைக்கிளில் மாஸ்டர் வந்து சேர்ந்தார், முழங்கை வரை காய்ந்த களிமண்ணோடு. பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார். கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் நிமிர்ந்து நடந்து வந்தாள். என்னைத் தாண்டி நேரே அவரிடம் போனாள்.

“மாஸ்டர், மூணு மணி நேரமும் தொப்புள வுடவே இல்ல.”

“இப்ப வுட்டுடு கண்ணு,” என்றவர், என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்களும் மூச்ச வுடுங்க.”