மருதமரம் இறைத்த தண்ணீர்

நிலத்தடி நீரை ஆராய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் சொல்வதெல்லாம் நிலத்துக்குக் கீழே நடக்கிற சங்கதி. யாரும் தோண்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரப்போவதில்லை. இந்தத் துணிச்சலில்தான் என் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கினேன்.

முல்லைத்தீவில் கடலோரக் களப்புக்குச் சற்று உள்ளே ஒரு தாழ்வான ஈரநிலம். கோடையில் மேலே தண்ணீர் வற்றினாலும் அங்குள்ள மருதமரங்கள் வாடுவதில்லை. ஆழத்தில் வேர்விட்டு நிலத்தடி நீரைக் குடிக்கும். எவ்வளவு குடிக்கின்றன என்று அறிய, மரத்தடியில் துளையிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கினேன். உள்ளே, நீர்மட்டத்தைத் தானாகவே பதியும் சிறு கருவி. வெளியே முழங்கால் உயரத்துக்குக் குழாயும் மூடியும் மட்டும் தெரியும்.

பக்கத்து வீடு மேரி அன்ரியுடையது. கணவர் களப்பில் இறால் பிடிப்பவர். "இதென்ன தம்பி?" என்று அன்ரி கேட்டபோது, "ஒரு ஆராய்ச்சி அன்ரி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். (சொன்னாலும் விளங்காது என்ற நினைப்பு. படித்த திமிர்.)

என் ஊரான நெளுக்குளத்திலிருந்து வாரம் ஒருமுறை மோட்டார்சைக்கிளில் போவேன். முதலில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. குழாய்க்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புவேன். பிறகுதான் அதிசயம். காலைதோறும் நீர்மட்டம் குபீரென்று ஏறியிருப்பதாகக் கருவி காட்டியது! பகலில் மெல்ல இறங்கியது. மழையோ ஒரு துளி இல்லை.

வேறொருவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். நான் கோட்பாடு எழுதினேன். மருதமரம் விடியலில் ஆழத்து நீரை மேலே இறைத்து, அயல் செடிகளுக்கும் பங்கிட்டு, பிறகு தானும் குடிக்கிறது! ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நீர் ஏறவில்லை. அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கினேன். (வாராவாரம் ஞாயிறு பார்த்து வருகிற கோளாறு!)

என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியை அறிக்கையை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "நேரில வந்து பாக்கிறன். உண்மையெண்டால் பெரிய விசயம். இல்லையெண்டால் உம்மட ஆய்வைத் தொடர விடேலாது."

ஒரு காலை இருவரும் குழாயருகே நின்றோம். மரத்தின் பெருந்தன்மையைப் பற்றி நான் கைவீசிப் பேசிக்கொண்டிருக்க, மேரி அன்ரி வாளியோடு வந்தார். "கொஞ்சம் விலகு தம்பி" என்று மூடியைத் திறந்து மளமளவென்று ஊற்றினார்.

"அன்ரி! என்ன செய்யிறீங்கள்?"

"பம்புக்குத் தண்ணி விடுறன். விடாட்டி எப்பிடி இழுக்கும்?"

எங்கள் பக்கத்தில் கைப்பம்பு காய்ந்து கிடந்தால், மேலால் ஒரு வாளி தண்ணீர் விட்டுத்தான் அடிக்கத் தொடங்குவோம். என் குழாயையும் கைப்பிடி பூட்டக் காத்திருக்கும் பம்பு என்றே அன்ரி நினைத்திருக்கிறார்.

"வந்து வந்து குழாய்க்குள்ள பாத்திட்டு, செத்தவீட்டால போற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு போறாய். எனக்கு மனம் கேக்கேல்லை. அதுதான் விடிய எழும்பி எங்கட கிணத்தில அள்ளி ஊத்துறனான்."

பேராசிரியை மெதுவாகக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை ஊத்துறேல்லையோ அம்மா?"

"ஞாயிறு பூசையெல்லோ பிள்ளை! முடிய அப்பிடியே மகள் வீட்டை போயிடுவன்."

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "உம்மட மருதமரம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகுது போல."

அதற்குமேல் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்ரி ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் நின்றபடியே இருந்தேன். எனக்குக் கதிரை கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

சிரித்து முடித்ததும் தீர்ப்பு வந்தது. தரவு முழுக்கக் குப்பைக்கு; அடுத்த கோடையில் முதலிலிருந்து. ஆனால், முதலில் அன்ரிக்கு ஆராய்ச்சியை விளக்க வேண்டும். அவருக்கு விளங்கினால்தான் எனக்கே விளங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். விளக்கினேன். அடுத்த கோடையில் மரங்கள் தங்கள் பாட்டுக்குக் குடித்தன. ஒரு செடிக்கும் பங்கு கொடுக்கவில்லை. பட்டம் கிடைத்தது.

அன்றிலிருந்து எனக்கு எந்த நல்லது நடந்தாலும் என் மனைவி கேட்பது ஒன்றே: "ஆர் தண்ணி ஊத்தினது?" அண்மையில் பதவி உயர்வு வந்தபோது, அவள் மேரி அன்ரிக்கே தொலைபேசி எடுத்து விசாரித்தாள்.

"ஐயோ, இந்தமுறை நான் இல்லைப் பிள்ளை" என்றார் அன்ரி. "தானா ஊறினது போல கிடக்கு. எதுக்கும் ஒருக்கா நல்லாப் பாக்கச் சொல்லு."