கட்டற்ற திரைப்பதிவுத் தேர்வுக் குழுவின் மகத்தான செவ்வாய்க்கிழமை

மனிதகுல விடுதலைக்காக எத்தனையோ பேர் சிறை சென்றிருக்கிறார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடாத, அமெரிக்காவின் டுலூத் நகரக் கட்டற்ற கணினிச் சங்கத்தார் அதைவிடக் கடினமான காரியம் செய்தார்கள்: நூலகத்தின் நிலவறையில் கூட்டம் போட்டார்கள்.

பொருள்: லினக்ஸ் கணினியில் திரையையும் பேச்சையும் சேர்த்துப் பதிவுசெய்யும் மென்பொருளைத் "தெரிவு செய்தல்". காரணம், மூத்த உறுப்பினர் வெண்டெல் ஹாகனின் தொண்டை. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. அதன்பின் குரல் இருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஐஸ்மேல் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் மன்றத்துக்குச் செய்தி மடல் தயாரிப்பவர் அவர். இனி அது மனைவி ஆர்டிஸின் பொறுப்பு. மடல் தயாரிக்கும் பாடத்தை வெண்டெலின் குரலிலேயே பதிந்துவைப்பது என்று ஏற்பாடு. ஆர்டிஸுக்குப் பாடம் இரண்டாம்பட்சம்; குரல்தான் வேண்டும்.

"என் போன்ல எடுத்துடறேனே. ஒரு நிமிஷ வேலை," என்றாள்.

தலைவர் குவிஸ்ட் டோனட்டைக் கீழே வைத்தார். "போன்லயா! அதோட மூல நிரலை நம்மள்ல யாராவது கண்ணால பாத்திருக்கோமா?"

"வேணாம் ஆர்டிஸ்," என்றார் வெண்டெலும். குரல் மரம் அறுப்பதுபோல் கரகரத்தது. "இத்தனை வருஷம் கொள்கையோட வாழ்ந்துட்டேன்."

"என்னோடயும்தான் வாழ்ந்தே. அதுக்குக் கொள்கை வேண்டாமா?"

"அதுக்குப் பொறுமை போதும்."

தேர்வு தொடங்கியது. ஒன்றில் படம் வந்தது, பேச்சு வரவில்லை. இன்னொன்றில் பேச்சு வந்தது, திரை கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டும் வந்த மூன்றாவதைச் செயலாளர் மார்வா நிராகரித்தார்.

"எல்லாம் தானா வேலை செய்யுது. அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

நான்காவதை ஓடவிட்டுவிட்டு, கோப்பு எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று வாக்கெடுக்கப் போனார்கள்.

வெண்டெல் அந்தக் கணினியிலேயே மடலைத் திறந்து, நாற்காலியை மனைவி பக்கம் இழுத்தார். "இவங்க முடிக்கறதுக்குள்ள எனக்குப் புதுத் தொண்டையே முளைச்சுடும். இங்க பாரு. நம்ம மன்றத்து ஓல்சன் ஆட்டத்துல தோத்தா சின்ன எழுத்துல போடு. இல்லேன்னா அவன் கோவிச்சுக்குவான். ஜெயிச்சாலும் சின்ன எழுத்துலயே போடு. இல்லேன்னா அவன் பொண்டாட்டியால அவனோட குடித்தனம் பண்ண முடியாது."

ஆர்டிஸ் சிரித்துச் சிரித்தே முழுப் பாடத்தையும் கற்றாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தாள்.

"வெண்டெல்! பதிவாயிருக்கு!" அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, குவிஸ்ட் மருத்துவமனைக்கே பென்டிரைவுடன் எழுந்தருளினார். படுக்கையில் வெண்டெல் கட்டைவிரலை உயர்த்தி வரவேற்றார்.

அற்புதமான பதிவு. சுட்டியின் ஒவ்வொரு 'டிக்'கும் மணிமணியாகக் கேட்டது. கோப்பு வடிவத்துக்கு மார்வா தெரிவித்த ஆட்சேபம் கேட்டது. ஆர்டிஸின் சிரிப்பு கேட்டது. அவளைச் சிரிக்க வைத்தது கேட்கவில்லை.

ஆர்டிஸ் ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

குவிஸ்ட் பெருமையோடு குனிந்தார். "எவ்வளவு சுத்தம் பாத்தீங்களா? பின்னாடி ஏதோ கரகரன்னு விடாம வந்துட்டே இருந்துச்சு. குழு ஓட்டுப் போட்டு, ஒருமனதா நீக்கி, மூலப் பதிவையும் அழிச்சுட்டோம்."