கூடையை எட்டிப் பார்த்தவர்

மரியாதையாகத் திட்டுவதில் எங்கள் செக்கிங் அண்ணனை மிஞ்ச கோயமுத்தூரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனை டிபார்ட்மென்ட் ஸ்டோரில், பில் போடும் வரிசையில் நின்றுகொண்டு அடுத்தவர் கூடையை எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். பஸ்ஸில் ஏறும் டிக்கெட் பரிசோதகர்கூட அத்தனை உரிமையோடு பார்க்க மாட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது; செக்கிங் அண்ணன் என்பது நாங்கள் வைத்தது.

ஒருநாள் ஒருவர் கூடை நிறையச் சிப்ஸும் கூல்டிரிங்ஸுமாக வந்தார். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுல விசேசங்களா? இல்ல, குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறிச்சுப்போட்டீங்களா?"

அவர் பாதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். டாக்டர் சொல்லியும் டிவி சொல்லியும் திருந்தாத சனம், இந்த ஒரு ஆளுக்குப் பயந்து திருந்தியது. திருந்தாதவர்கள் மறைத்தோம். நான் நூடுல்ஸ் மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு மூடுவேன். காசு கொடுத்த கீரையை எறிய மனம் வராது, சமைத்துத் தொலைப்பேன். எங்கள் தெருவே அந்த வருடம் எரிச்சலோடு கீரை தின்றது.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆறாமல் நான் பயந்துகொண்டிருந்த நேரம். பிஸ்கட் இல்லாமல் அவருக்கு டீ இறங்காது என்று ராகி பிஸ்கட்டாகத் தேடி எடுத்தேன். அன்று கூடையை மறைக்காமல் நிமிர்ந்து நின்றேன். அண்ணன் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார்.

"முன்னால ராகிக் கதிருங்க. பின்னால பாருங்க அம்மணி, மொதல்ல மைதா, அடுத்தது சக்கரை. ராகி கடைசில நிக்குதுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க. எங்க ஊட்டுக்காரருக்கு நான் பாத்துப் பாத்துத்தான் வாங்கறனுங்க."

"சக்கரை வந்த எங்க ஊட்டுக்காரிக்கு நானும் பாத்துப் பாத்து இதையேதானுங்க வாங்குனேன். லட்டுகூடத் தொடாதவ, நான் குடுத்தேன்னு நம்பித் தின்னா. கால எடுத்தும் பொழைக்கலீங்க."

பாக்கெட்டைக் கொண்டுபோய் அலமாரியிலேயே திருப்பி வைத்தேன். இப்போது கோபம் அவர் மேல் இல்லை. கதிரைப் பெரிதாக வரைந்து மைதாவை எறும்பு எழுத்தில் எழுதியவன் எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அடுத்த வாரம் மேனேஜர் அண்ணனை வாசலிலேயே நிறுத்தினார். "ஆஃபர் சரக்கு நகரவே மாட்டேங்குதுங்க. இனி உள்ள வராதீங்க."

பொய் சொன்ன பாக்கெட்டுக்கு ஏசி, உண்மை சொன்னவருக்கு வெயில். "அப்ப நானும் வரலீங்க" என்று வெறும் கூடையை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன் இப்போது போவது இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கும் கடைக்கு. நானும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகிறேன். என் கூடையைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிய நாட்களில், வீட்டுக்காரர் காலுக்கு மருந்து போடும்போது எனக்குப் பயம் இருப்பதில்லை.