துரைக்கு முதுகு காட்டாத இசை நடத்துநர்

மேல்நாட்டுச் சங்கீதம் முந்நூறு ஆண்டுகள் முயன்றும் கண்டறியாத ஓர் உண்மையை, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் மூன்றே மாதத்தில் கண்டறிந்தது: இசைக்குழுவை நடத்துகிறவர் இசைக்குழுவைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தச் சாதனையைப் பதிவுசெய்யும் பேறு, ஆபிஸ் கிளாக்கரும் 'கலாசார மேம்பாட்டு உபகுழு'வின் செயலாளருமான எனக்குக் கிடைத்திருக்கிறது.

தேயிலை வாங்க வரும் வெளிநாட்டாருக்குத் தொழிலாளரின் மகிழ்ச்சியைக் காட்ட வேண்டும் என்று கொழும்புத் தலைமையகம் தீர்மானித்தது. மகிழ்ச்சி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது வேறொரு உபகுழுவின் பொறுப்பு. மாசியில் நாங்கள் ஆடும் காமன் கூத்து 'தேயிலை ஒப்பெரா' என்ற மேல்நாட்டு இசைநாடகமாகப் பதவி உயர்த்தப்பட்டது. சிவன் கோபத்தில் மன்மதனை எரிக்கும் கட்டம் மட்டும் நீக்கப்பட்டது. மேலிடத்தில் இருப்பவர் எரித்துவிடுவதைக் கண்டால் விருந்தாளிகள் ஏதாவது நினைத்துக்கொள்வார்களாம். ஆகவே எங்கள் மன்மதன் காரணமின்றிச் செத்துப்போனான்.

ஒப்பெராவை நடத்தத் தெரிவானவர், கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டக்டர், எங்கள் வாயில் கண்டாக்கையா, லியனார்ட். பத்தொன்பது வருஷமாகக் கையில் கம்போடு பெண்கள் முன்னால் நிற்பவர். தாம் ஒரு கொழுந்தும் கிள்ளாமல், மற்றவர் கிள்ளியதைத் தம் திறமையாகக் காட்டத் தெரிந்தவர். இசை நடத்துநருக்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

இருந்தாலும் கொழும்புக்கு அனுப்பி ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கைதட்டல் வரும்போது குனிந்து வணங்குவது எப்படி என்பதிலேயே மூன்று நாள் போய்விட்டது. மீதி இரண்டு நாளில், கையை விரித்தால் பாட வேண்டும், மூடினால் மூச்சுக்கூட விடக்கூடாது என்ற உயர்தர இசை நுட்பத்தைக் கற்றார். ஒரு சான்றிதழும் வால் வைத்த கறுப்புக் கோட்டுமாகத் திரும்பி வந்தார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒத்திகை நடந்தது. ரதியாகப் பாடியவள் ஜீவராணி. இரண்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள். லயத்தின் பின்சுவர் வெடித்துக் கிடக்கிறது என்று எட்டு மாதமாக ஆபிசுக்கு நடந்தவள். அவளுடைய ஐந்து மனுக்களையும் நான்தான் பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து பெரிய துரைமார் வருவார்கள் என்று கேள்விப்பட்டதும் ரதி வேஷத்துக்குத் தானாகப் பெயர் கொடுத்தாள். கலை ஆர்வம் என்று அறிக்கையில் எழுதினேன்.

கடைசி ஒத்திகைக்குத் தோட்டத்து மனேஜரான துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே லியனார்ட் சட்டென்று திரும்பி, குழுவுக்கு முதுகையும் துரைக்கு முகத்தையும் காட்டி நின்றார். நான் மெல்லப் பக்கத்தில் போய், நடத்துநர் குழுவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன்.

"தொரைக்கு முதுகு காட்டி நிக்கிறதா? எங்க தாத்தா செய்யல, எங்கப்பா செய்யல. அந்தப் பாவத்த நா செய்ய மாட்டேங்க, கிளாக்கரையா."

"அப்ப பொம்பளைங்க ஒங்க கைய எப்பிடிங்க பாப்பாங்க?"

"அவங்க எதுக்குப் பாக்கணும்? தொரை பாத்தா போதும்."

துரை மிகவும் மகிழ்ந்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் மனிதர் என்று பாராட்டி, அந்த முறைக்கே ஒப்புதல் தந்தார். பெண்கள் தப்புப் பறையின் சத்தத்தைக் கேட்டு, முன்பைவிட நன்றாகவே பாடினார்கள். அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

விழா நாளில் பங்களாப் புல்வெளியில் துரைமாரும் வெளிநாட்டாரும் அமர்ந்தார்கள். 'நடத்துநர் கையை மூடினால் அனைவரும் மௌனம் காப்பதே மேல்நாட்டு நாகரிகம்' என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தோம். ரதி புலம்பல் முடிந்தது. பெண்கள் கலைந்து போக வேண்டும். ஜீவராணி போகவில்லை, ஒரு அடி முன்னால் வந்தாள்.

லியனார்ட் பதறிப்போய்க் கையை இறுக மூடினார். அவள் அதைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த துரைமார் பார்த்தார்கள். வெளிநாட்டார் முன்னால் நாகரிகம் குறைந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். எழப்போன எங்கள் துரையும் உட்கார்ந்துவிட்டார். அவள் நிதானமாகப் பேசினாள்.

"ஐயாமாரே, எங்க லயத்துச் செவுரு வெடிச்சுக் கெடக்குதுங்க. மழ வந்தா புள்ளைங்கள எழுப்பி வாசல்ல ஒக்கார வைக்கிறோம். விழுறதுக்கு முன்ன வந்து பாப்பீங்களா, விழுந்தப்புறம் வந்து பாப்பீங்களா?"

பிறகு ஒரு வெள்ளைக்கார அம்மா, அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். துரை என்னைப் பார்த்தார்.

கணவனை இழந்த ரதியின் கடைசிப் புலம்பல் என்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. மூவர் கொண்ட விசாரணைக் குழு கூடி, குற்றம் சுவரில் இல்லை, இசையில்தான் என்று கண்டறிந்தது. லியனார்ட்டின் கோட்டைத் திருப்பி வாங்கினார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டார் லயங்களையும் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், சுவர் விஷயத்தில் மின்னல் வேகத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 'எங்கள் தொழிலாளர், எங்கள் குடும்பம்' என்று ஒரு பேனர் அச்சடிக்க உத்தரவானது. அளவெடுக்கப் போனவன் நான்தான். ஜீவராணி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். விரிசல் எட்டரை அடி. பேனர் பத்து அடி. எங்கள் நிர்வாகம் எதிலும் தாராளம்.