வெளிச்சவீட்டுக்குள் நின்ற யானை

உப்புக் காற்று அடிக்கிற ஊரில் கம்பிப் பின் குத்திய புத்தகத்தை நம்பக் கூடாது. கறள் முதலில் பின்னைத் தின்னும், பிறகு தாளைத் தின்னும், கடைசியில் அந்தப் புத்தகத்தைப் பொறுப்பாய் வைத்திருக்கிற மனிசியின் மானத்தையும் தின்னும். என்னுடையதைத் தின்ற விதத்தைச் சொல்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் இருந்த கடையை அப்படியே விட்டுவிட்டு என் தம்பி இராசன் எங்கள் ஊர் மடத்துவெளிக்கு வந்து சேர்ந்தான். கட்டின சாரமும் ஒரு றங்குப் பெட்டியும்தான் மிச்சம். அகதிக் கப்பலிலும் பஸ்ஸிலும் அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நகைதான் என்று ஊர் முடிவெடுத்தது. (நானும்தான். ஆரிடமும் சொல்லாமல் அலுமாரியில் இடங்கூட ஒதுக்கி வைத்தேன்.)

கதவைச் சாத்திவிட்டு, "திறவடா" என்றேன்.

திறந்தான். உள்ளே படக்கதைப் புத்தகங்கள். அடி வரைக்கும் கிண்டிப் பார்த்தேன். படக்கதைப் புத்தகங்கள்தான்.

"நகை எங்கையடா?"

"அதெல்லாம் போச்சுதக்கா. இதையெண்டாலும் காப்பாத்திக் கொண்டு வந்தனான்."

மூடியைச் சாத்தி அதன்மேலேயே குந்திவிட்டேன். மூடி நெளிந்தது. இன்றைக்கும் நெளிவு இருக்கிறது.

அத்தனையும் ஒரே ஆள் எழுதியவை. புயல்மணி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்துகொண்டே எழுதுகிறவராம். எல்லாப் புத்தகத்திலும் துப்பறியும் துரைசிங்கம் என்ற ஒரே ஆள்தான் வருவார். பெரிய மீசை, தொப்பி, முழங்கால் வரைக்கும் கோட்டு. (இந்த வெயிலுக்கு எந்தத் துரைசிங்கம் கோட்டுப் போடுவான் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.) தம்பி புத்தகங்களை வாசிகசாலைக்குக் கொடுத்தான். வாசிகசாலை எங்கள் வளவுக்குப் பக்கத்தில். ஆகவே அலுமாரித் திறப்பு என் கைக்கு வந்தது.

திறப்பு வந்ததும் என் நடையே மாறிவிட்டது. சேலை இடுப்பில் அதைச் செருகிக்கொண்டு கடைக்குப் போவேன். கடையில் ஒன்றும் வாங்க இராது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அது ஊருக்குத் தெரியும். பிறகு தானாகவே வாசிக்கப் பழகிவிட்டேன் என்பதும் ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அதை நானே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். உண்மையில் அட்டையில் இருக்கிற பெரிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி முடிப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். உள்ளே ஆட்களின் வாயிலிருந்து முட்டை முட்டையாய் வருமே, அந்த எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். அதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பேன். படத்தில் எல்லாம் இருக்கிறதுதானே என்பது என் எண்ணம்.

இதைச் சந்தேகித்த ஒரே ஆள் சரசு. என் மனிசனின் தங்கச்சி, எனக்கு மச்சாள். எட்டாம் வகுப்புப் படித்தவள். "படிச்ச ஆக்களிட்டை இருக்கவேண்டிய திறப்பு" என்று கிணற்றடியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் பிழைவிடுகிற நாளுக்காகக் காத்திருந்தாள்.

பிழைவிட்டது நான் இல்லை, மழை. ஒரு மாரியில் வாசிகசாலைக் கூரை ஒழுகி அலுமாரி நனைந்தது. பின்கள் ஏற்கெனவே கறள்பிடித்து உக்கியிருந்தன. கையில் எடுக்க எடுக்கப் புத்தகங்கள் தாள் தாளாய்க் கழன்றன. வெயில் வந்ததும் எங்கள் முற்றத்தில் பரப்பி, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கல்லு வைத்துக் காயவிட்டேன். குசினிக்குள் போய் அடுப்பை ஊதிவிட்டு வந்து பார்த்தால் ஒரு காற்று வந்து போயிருக்கிறது. தாளெல்லாம் வேலியிலும் வடலியிலும் கோழிக்கூட்டுக்கு மேலேயும். துரைசிங்கத்தின் ஒரு மீசையில் கோழி நின்றது.

எல்லாவற்றையும் பொறுக்கினேன். பக்க இலக்கம் இருந்த மூலைகளைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. சரசுவிடம் கேட்டிருக்கலாம். (கேட்டிருக்கலாம்!) கேட்காமல் வலை பொத்துகிற தங்கூசி நூலை எடுத்து, மீசைக்கு மீசை பொருத்தி, கோட்டுக்குக் கோட்டுச் சேர்த்து, நல்ல இறுக்கமாய்த் தைத்தேன். மாடு இழுத்தாலும் பிரியாது. ஊர் மெச்சியது. சரசு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புயல்மணி எங்கள் ஊரில் பேர் எடுத்தார். அதிலும் 'வெளிச்சவீட்டு மர்மம்' என்ற புத்தகத்துக்கு இழுபறி. 'சர்க்கஸ் கொள்ளையர்' என்ற மற்றப் புத்தகத்தை வாசித்த பெண்கள் அழுது, திருப்பிக் கொண்டுவந்து என் முகத்தில் எறியாத குறை. எதற்கு இவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆராவது கேட்டால், "ஓம், அது கனத்த கதை" என்பேன்.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்க முடிவாகியது. புயல்மணியின் ஆகச் சிறந்த படைப்பு எது, ஆக மோசமான படைப்பு எது. நடுவர் புயல்மணியேதான். ஓர் ஆளைக் கூப்பிட்டு இருத்தி வைத்து, உன் மோசமான கதை எது என்று நீயே தீர்ப்புச் சொல் என்பது மரியாதையோ என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவரும் வந்தார். பஸ்ஸால் இறங்கியது ஒல்லியான, குடை பிடித்த மனிசன். மீசையே இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் ஒன்று அழுதே விட்டது.

"என்னை இதுவரைக்கும் ஓர் ஊரும் கூப்பிட்டதில்லை" என்று அவர் என்னிடம் சொன்னார். சொன்ன விதத்தில் கண் மினுங்கியது. நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, திறப்போடு மேடையில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

முதலில் தேவன் மாஸ்ரர் எழும்பினார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர், மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

"நடுவர் அவர்களே! ஆகச் சிறந்தது வெளிச்சவீட்டு மர்மம்! கொலைகாரனைப் பிடிக்கத் துரைசிங்கம் வெளிச்சவீட்டுக் கதவைத் திறக்கிறார். உள்ளே நிற்பது யார்? யானை! ஏன் யானை? அதுதான் அவருடைய மனச்சாட்சி!"

கைதட்டல். வள்ளம் ஓட்டுகிற ஒருவர் எழும்பினார். "மாஸ்ரர், வெளிச்சவீட்டுக் கதவாலை ஆடு போறதே கஷ்டம். யானை எப்பிடி உள்ளுக்குப் போனது?"

"அதாலைதானே மனச்சாட்சி எண்டுறன்! மனச்சாட்சிக்குக் கதவு வேணுமோ?"

முன்னதைவிடப் பெரிய கைதட்டல். நான்தான் ஆகக் கூடத் தட்டினேன்.

பக்கத்தில் பார்த்தேன். புயல்மணி தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்கும் மடிக்கும் நடுவில் பிடித்தபடி உறைந்துபோய் இருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணி உவர், அதுதான் முகம் அப்படிப் போகிறது என்று நினைத்தேன்.

"சீனி போடட்டோ ஐயா?"

அவர் மைக்கை இழுத்தார். "எந்த யானை?" என்று கேட்டார்.

சனம் சிரித்தது. "ஐயா மாஸ்ரரைச் சோதிக்கிறார்!" என்று பின்னாலிருந்து சத்தம். அவர் சிரிக்கவில்லை.

அடுத்தது சரசு. கையில் கண் துடைக்க லேஞ்சி வேறு. "ஆக மோசமானது சர்க்கஸ் கொள்ளையர்! கயித்திலை ஆடுற பிள்ளை வழுக்குது. அடுத்த பக்கத்திலை துரைசிங்கம் கடற்கரையிலை தனிய இருந்து அழுகிறார். பிள்ளைக்கு என்ன நடந்தது? ஒரு செத்தவீடு உண்டோ? ஒரு பூ உண்டோ? ஒரு குமர்ப்பிள்ளையைக் சாகடிச்சுப்போட்டுச் சவத்தைக்கூடக் காட்டாத மனிசன், இந்தா இருக்கிறார்!"

விரல் அவர் மூக்குக்கு நேரே நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து மூக்குறிஞ்சுகிற சத்தம்.

புயல்மணி எழும்பிவிட்டார். "நான் கொல்லேல்லையே! நான் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் எல்லோ கட்டி வைச்சனான்!"

"ஆருக்கு?" என்றாள் சரசு, வாய் பிளந்தபடி.

"துரைசிங்கத்துக்கு!"

எனக்கு அந்த முற்றமும் அந்தக் காற்றும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"அந்தப் புத்தகங்களை ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார் அவர்.

"திறப்பைக் காணேல்லை" என்றேன்.

"இடுப்பிலை கிடக்கு, மச்சாள்" என்றாள் சரசு. மைக்கில்.

அலுமாரிப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. அவர் வெளிச்சவீட்டு மர்மத்தை எடுத்துத் தங்கூசித் தையலைத் தடவிப் பார்த்தார். தாளைத் திருப்பினார், மற்றதைத் திருப்பினார். "இதை ஆர் தைச்சது?"

ஒளிக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. "நான்தான். ஏன், தையல் பிழையோ?"

"வாசிச்சுப் பாத்துத்தானே தைச்சனீர்?" என்று சரசு குறுக்கே வந்தாள். "அப்ப உந்த யானைப் பக்கத்தை ஒருக்கா வாசியும், கேப்பம்."

மைக் என் வாய்க்கு முன்னால். ஊரே என் முகத்தில். திறப்பு இடுப்பில் சுட்டது. படத்தைப் பார்த்தேன். துரைசிங்கம் கையை நீட்டி நிற்கிறார், பக்கத்தில் யானை. தொண்டையைச் செருமிக்கொண்டு, துரைசிங்கத்தின் குரலிலேயே முழங்கினேன்:

"அடே பாதகா! நீ எங்கை ஒளிச்சாலும் இந்த யானை உன்னைக் காட்டிக் குடுக்கும்!"

நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். சரசு புத்தகத்தை வாங்கி அதே பக்கத்தை வாசித்தாள்.

"'யானைக்குச் சாப்பாடு வைச்சாச்சோ?'"

மைக்கில் அது குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஊருக்கு விளங்க அது போதும். "மாஸ்ரர், நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?" என்று ஒருவர் கேட்க, தேவன் மாஸ்ரர், "அது... மனச்சாட்சிக்குத் தீனி" என்று தொடங்கி, முடிக்காமல் மேடையை விட்டு இறங்கினார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதது இரண்டு பேர். நான் ஒன்று. மற்றது புயல்மணி. அவர் மெதுவாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்ப என்ரை கதையை இந்த ஊரிலை ஒருத்தரும் வாசிக்கேல்லை" என்றார்.

என் மானம் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனிசன் பஸ்ஸால் இறங்கும்போது இருந்த மினுக்கம் போய்விட்டதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. நான் எழும்பி மைக்கைப் பிடித்தேன்.

"ஒருத்தரும் எழும்பக் கூடாது. பிரிச்சுத் தைக்கப் போறன்."

மேடையிலேயே சப்பாணி கட்டி இருந்து தையலைப் பிரித்தேன். (இறுக்கமாய்த் தைத்த பாவத்துக்குக் கத்தியும் பல்லும் தேவைப்பட்டன.) ஒரு புத்தகத்துக்குள் இருந்து மற்றதுக்குள் போயிருந்த தாள்களைப் பொறுக்கி அவர் வரிசை சொல்ல, நான் தைக்க, காற்றுக்குத் தாள் பறக்காமல் சரசு அமத்திப் பிடித்தாள். அவளைப் பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பிறகு அவளே மைக்கில் வாசித்தாள்.

முதலில் சர்க்கஸ். பிள்ளை வழுக்குகிறது, யானை தும்பிக்கையால் ஏந்துகிறது, கடைசிப் பக்கத்தில் கலியாணம். சரசுவால் வாசிக்க ஏலவில்லை, லேஞ்சியைத் தேடினாள். பெண்கள் பக்கம் பெருமூச்சு. அடுத்தது வெளிச்சவீடு. கதவைத் திறந்தால் உள்ளே துரைசிங்கத்தின் சொந்த அண்ணன்தான் கொலைகாரன். கையைப் பிடித்துப் பொலிசில் கொடுத்துவிட்டு வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு அழுகிறார். வாசித்து முடிய, புயல்மணி நிமிர்ந்து இருந்தார். நான் அவரைவிட நிமிர்ந்து இருந்தேன். கடைசியில் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப யானை எங்கை?"

இன்னொன்று: "ஓமோம், யானை இல்லாமல் சப்பெண்டு கிடக்கு!"

"அக்கா, யானையைத் திருப்பிப் போடுங்கோ!"

ஊர் முழுக்கக் கத்தியது. தேவன் மாஸ்ரரும் திரும்பி மேடைக்கு ஏறப் பார்த்தார். நான் ஊசியைப் பிடித்தபடி இருந்தேன். புயல்மணி கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தங்கூசி நூலைப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தரம் சிரித்தார். கண்ணில் தண்ணி வருகிற சிரிப்பு.

"தீர்ப்பு" என்றார். "அண்ணனைப் பிடிச்சுக் குடுக்கிற இடத்தை நான் அழுதழுது எழுதினனான். என்ரை சிறந்த கதை அதுதான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். பிழை. என்ரை ஆகச் சிறந்த கதை நான் எழுதாத கதை. அதை எழுதின அக்காவுக்கு எழுதத் தெரியாது."

அது புகழ்ச்சியோ அவமானமோ என்று கன நாள் யோசித்தேன். புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆள் பஸ் ஏறியதும் சரசுவைக் கூப்பிட்டு, அவள் வாய் திறக்க முன்னம் திறப்பைக் கையில் வைத்தேன். பறிகொடுக்கிற ஆள் இல்லை நான். அவள் அதை இரண்டு நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கழன்ற புத்தகங்களோடு எங்கள் படலையில் நின்றாள்.

"எனக்குத் தைக்க வராது மச்சாள்."

"எனக்கு வாசிக்க வராது."

"அதைத்தான் ஊருக்கே சொல்லிப்போட்டீரே. எழும்பும், பாயை விரியும்."

பின்னேரங்களில் அவள் வாசிப்பாள், நான் தைப்பேன். எழுத்தை நான் கூட்டப் பழகியது அந்தப் பாயில்தான். மரியாதையாய்ச் சொல்லித்தந்தாள் என்று நினைக்க வேண்டாம். "இது ழ, மரமண்டை" என்றுதான் சொல்லித்தந்தாள்.

அடுத்து வந்த புயல்மணியின் புத்தகத்தில் துரைசிங்கம் தபால்கந்தோர்க் கதவைத் திறக்க, உள்ளே யானை நின்றது. என் தையலோ என்று தேடிப் பார்த்தேன். அது நான் தைத்தது இல்லை, புதுப் பின் குத்தி அப்படியே வந்தது.

பிள்ளைகள் இப்போது கனடாவில், ரொறன்ரோவில். ஆராவது சொல்லத் தொடங்கியதை விட்டு வேறெங்கோ போய் முடித்தால், "எந்த யானை?" என்று கேட்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை, ஆனால் இந்த இரண்டு சொல்லும் சுத்தமாய் வரும். போன மாதம் மகள், ஒரு பிள்ளையைப் பற்றி ஆரோ எழுதிப் பரிசு வாங்கின பெரிய நாவல் ஒன்றை வாசித்துவிட்டு ஃபோனில் குறை சொன்னாள், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். பின்னாலிருந்து மருமகன், "மாமி தைச்சதோ?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது.

நான் கோபிக்கவில்லை. "கடைசியிலை பிள்ளை தப்புதோ?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லை அம்மா, செத்துப்போகுது."

"அப்ப தபாலிலை அனுப்பி வை" என்றேன். "நூல் கிடக்கு."